நடக்காத கல்யாணத்தின் மாமியார்

எங்கள் பிலிப்பைன்ஸில் முஸ்லிம்களைத் தவிர யாருக்கும் விவாகரத்து கிடையாது. புருஷன் ஓடிப் போகலாம், வேறு ஊரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தலாம், கட்டிய கல்யாணத்தைக் கலைக்க மட்டும் முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம். அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று நிரூபிக்கலாம். கோர்ட்டில் ஒரு தடவை, சர்ச்சில் ஒரு தடவை. இரண்டு இடத்திலும் முத்திரை வாங்கிவிட்டால், நேற்றுவரை பெண்டாட்டியாக இருந்தவள் ஒருநாளும் பெண்டாட்டியாக இருந்ததில்லை என்று ஆகிவிடும். இதை யோசித்துக் கண்டுபிடித்தவன் நிச்சயம் சோறு கட்டிக்கொண்டு உட்கார்ந்து யோசித்திருப்பான்.

போலெங்குக்கு அறுபத்து மூன்று வயதுவரை இந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை. ஞானஸ்நானப் பெயர் அப்போலோனியா. ஆனால் ஏரிக்கரை ஊரில் போலெங் என்றால்தான் தெரியும். சர்ச் மைதானத்துக்கு எதிரே அவளும் மருமகள் ரோவெனாவும் சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். போலெங் சமைப்பாள், ரோவெனா பரிமாறுவாள். சண்டை வந்தால் இரண்டு பேரும் இடம் மாறிக்கொள்வார்கள். அன்றைக்கு ஊரே உப்பில்லாமல் சாப்பிடும்.

நடுவில் இருக்க வேண்டிய ஆள், அதாவது போலெங்கின் ஒரே மகன் ஆர்செனியோ, எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வினிகர் வாங்கப் போனான். அடுப்பில் அடோபோ என்கிற வினிகர்க் குழம்புக்குப் பன்றிக்கறி வெந்துகொண்டிருந்தது. "இதோ வந்துட்டேன், தீயைக் கொஞ்சம் குறைச்சு வை" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். ஒரு மாதம் கழித்து செபுத் தீவிலிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. அங்கே ஒரு பியூட்டி பார்லர்காரியோடு இருக்கிறானாம், உடம்பு நன்றாக இருக்கிறதாம். வினிகரைப் பற்றி அவனும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

ரோவெனா தாய் தகப்பன் இல்லாதவள், அத்தை வளர்த்த பெண். அத்தை செத்த பிறகு, எல்லோரும் குடியிருந்த அந்த வீடு அவளுக்கு வந்தது. குழந்தை குட்டி இல்லை. புருஷன் போன் செய்த அன்றே, மூட்டை கட்டிக்கொண்டிருந்த மாமியாரிடம் வந்து நின்றாள். "அவன் போனான், சரி. நீங்க எங்க கிளம்பிட்டீங்க, இனாங்?" என்றாள். இனாங் என்றால் எங்கள் பக்கத்தில் அம்மா. போலெங் மூட்டையைப் பிரித்தாள். அதன் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

எழுப்பியது ஐஸ்கட்டி. கடைக்குத் தினமும் ஐஸ் கொண்டுவருகிறவன் டோமெங். சாக்கில் சுற்றிய பாளத்தைத் தோளில் தூக்கிவந்து, பெட்டியில் இறக்கிவிட்டு, தரையில் சொட்டிய தண்ணீரைத் துடைத்துவிட்டுப் போவான். எட்டு வருஷத்தில் ஒருநாளும் துடைக்காமல் போனதில்லை. ரோவெனா அதைக் கவனித்தாள். ரோவெனா கவனித்ததைப் போலெங் கவனித்தாள். மகனுடைய பெண்டாட்டி இன்னொருத்தனைப் பார்த்தால் மாமியாருக்குக் கோபம் வர வேண்டும். போலெங் எவ்வளவோ முயன்று பார்த்தாள், வரவில்லை. டோமெங்குக்குக் குழம்பில் ஒரு துண்டு கூடத்தான் விழுந்தது.

வழக்குப் போடுவது என்று முடிவானது. ஒகம்போ வக்கீலம்மா கடையிலேயே மத்தியானம் சாப்பிடுகிறவள், சின்ன வயசு, பெரிய பை. மீன் தலையை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

"கல்யாணப் பொறுப்பைத் தாங்கற மனசு உங்க பையனுக்கு எப்பவுமே இருந்ததில்லன்னு காட்டணும். கட்டினதுக்கப்புறம் கெட்டுப் போனான்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. மோதிரம் போடற அன்னைக்கே இருந்த குறைன்னு இருக்கணும். சின்ன வயசுலேருந்து பார்த்தவங்க வந்து சொல்லணும்."

போலெங் கரண்டியைக் கீழே வைத்தாள். சின்ன வயசிலிருந்து பார்த்தவர்கள் ஊரில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

அன்று சாயங்காலமே பாதர் எமெரித்தோவைப் பார்க்கப் போனாள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தவர் அவர்தான். காபியில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

"பாதர், இது விவாகரத்துதானே? சும்மா பேரை மாத்தி வெச்சிருக்கீங்க."

"இல்ல போலெங். விவாகரத்துன்னா இருந்த கல்யாணத்தை முடிக்கறது. இது, ஆரம்பத்துலயே அது கல்யாணமா அமையலன்னு சொல்றது."

"நீங்கதானே பாதர் நடத்தினீங்க?"

"நடத்தினேன். வாய் சம்மதம்னு சொல்லிச்சு, நானும் கேட்டேன். மனசுக்கு அந்தத் தெம்பு இல்லன்னா அது சம்மதம் ஆகாது. அப்ப கல்யாணமும் இல்ல."

"முந்நூறு பேர் சாப்பிட்டாங்க. ரெண்டு பன்னியை முழுசா வாட்டினோம். நீங்க காதைக் கேட்டு வாங்கித் தின்னீங்க."

"பன்னி நெஜம்தான். கல்யாணம்தான் இல்ல."

போலெங் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, கேட்க வந்ததைக் கேட்டாள்.

"அப்ப நான் அவளுக்கு யாரு பாதர்?"

பாதரின் பிஸ்கட் காபியில் விழுந்துவிட்டது.

"இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். மகன் கட்டினவளுக்குத்தானே நான் மாமியார்? கட்டவே இல்லன்னு எழுதிட்டா?"

"புள்ளைங்க இருந்தா அவங்க உறவு அப்படியே நிக்கும். அதைச் சட்டம் தொடாது."

"புள்ளைங்க இல்லையே."

"இல்லையே" என்று பாதரும் சொன்னார். ஸ்பூனால் பிஸ்கட்டைத் தேடினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நன்றாகச் சாட்சி சொன்னால் ரோவெனா தப்பிப்பாள், இவள் யாரோ ஆகிவிடுவாள். சொதப்பினால் ரோவெனா சாகும்வரை வினிகருக்குக் காத்திருக்க வேண்டும், இவளுக்கு இடம் பத்திரம். சொதப்புவது ரொம்பச் சுலபம், பாசத்தில் உளறினேன் என்றால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. இந்த யோசனை வந்ததற்கே அவள் சர்ச் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் வக்கீலம்மா நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள்.

"குறை எங்கேருந்து வந்துச்சுன்னு வேரைக் காட்டணும்."

"வேர்னா?"

"வளர்ப்பு."

"வளர்த்தது நான்."

"அதனாலதான் உங்களை விட்டா நல்ல சாட்சி கிடையாது."

போலெங் ரோவெனாவைப் பார்த்தாள். ரோவெனா ரொம்ப அக்கறையாக ஒரு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பத்தொன்பது வயசு வரைக்கும் அவனுக்கு எறால் உரிச்சுக் குடுத்தேன்" என்றாள் போலெங்.

"எழுதிக்கறேன்."

"மீன்லேருந்து முள்ளும் எடுத்துக் குடுத்தேன்."

"அதையும் எழுதிக்கறேன்."

"அது பாசம், வக்கீலம்மா."

"கோர்ட்டுல அது ஆதாரம்."

சம்மன் செபுவுக்குப் போனது. ஆர்செனியோ அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்ட கோர்ட் ஆளிடம், "எங்கம்மா பாத்துக்குவாங்க" என்றானாம். அந்த ஆள் அதை அப்படியே அறிக்கையில் எழுதி அனுப்பிவிட்டார். வக்கீலம்மா அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்துச் சந்தோஷப்பட்டாள்.

விசாரணை அன்று கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே நீதிபதி அம்மா, வக்கீலம்மா, ரோவெனா, சாட்சிக் கூண்டில் போலெங், எதிரே அரசு வக்கீல். இந்த வழக்கில் அரசு வக்கீலின் வேலையே கல்யாணத்தைக் காப்பாற்றுவதுதான். இரண்டு தரப்பும் கூடிப் பேசி நாடகம் போடுகிறார்களா என்று மோப்பம் பிடிப்பார். அவர் மெலிந்த மனிதர், நல்ல குரல், பார்த்தால் சொந்தக் கல்யாணத்தில் கஷ்டப்படுகிறவர் போலிருந்தார்.

"உங்க வாக்குமூலத்தைப் படிச்சேன். பெத்த மகனைப் பத்தி இவ்வளவு மோசமா எந்தத் தாயும் எழுதி நான் பார்த்ததில்ல" என்றார். "அவர்கிட்ட ஒரு நல்ல குணம் கூடவா இல்ல?"

வக்கீலம்மா இதற்குத்தான் பயந்திருந்தாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், ஒரே வரியில் பதில் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் மகனுடைய நல்ல குணத்தைச் சொல் என்று கேட்டால் எந்தத் தாய் ஒரு வரியில் நிறுத்துவாள்?

"ஏன் இல்லாம? நல்லா பாடுவான். அழகா இருப்பான். பெரிய வெள்ளி அன்னைக்கு ஊர் நாடகத்துல அவன்தான் ஏசுவா வருவான். அந்த முடியும் அந்த முகமும், பொம்பளைங்கல்லாம் நெஜமாவே அழுவாங்க. அதைப் பார்த்துத்தான் இந்தப் பொண்ணு மயங்குச்சு. அந்த வருஷம்தான் கல்யாணம்."

ரோவெனா தலையைக் குனிந்துகொண்டாள். அரசு வக்கீல் நிமிர்ந்தார்.

"அப்படியா? சிலுவையைச் சுமந்தாரா?"

"சுமந்தான்."

"எவ்வளவு கனம் இருக்கும்?"

"நாப்பது கிலோ. நல்ல மரம்."

"நாப்பது கிலோ சிலுவையை வெயில்ல, ஊர் முழுக்க." அரசு வக்கீல் நீதிபதி பக்கம் திரும்பினார். "யுவர் ஆனர், பொறுப்பைத் தாங்கற தெம்பே இல்லாதவர்னு சொல்லப்படற மனுஷன் இவர்தான்."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டாள். போலெங்குக்கு ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் உண்மையே சொல்வதாகச் சத்தியம் செய்தது ஞாபகம் வந்தது.

"ஊர் முழுக்க இல்லங்க" என்றாள். "பேக்கரி வரைக்கும்."

"என்னது?"

"பேக்கரி முன்னாடி சீமோன்னு ஒருத்தர் வந்து கை குடுப்பாரு இல்ல, வேதத்துல இருக்கே. பாலம் வரைக்கும் அவர் தூக்கணும், அப்புறம் ஏசு திருப்பி வாங்கிக்கணும். இவன் திருப்பி வாங்கல."

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார்.

"வாங்கலன்னா?"

"குடுத்துட்டு, பக்கத்துல சும்மா நடந்து வந்தான், அம்மா. பாலத்துல ரோமாபுரிப் படைவீரன் ரெண்டு தடவை ஞாபகப்படுத்தினான். 'இரு, தோள் வலிக்குது'ன்னான். பெட்டிக்கடையில சோடா குடிச்சான். தெரிஞ்சவங்களுக்குக் கை காட்டினான். சிலுவை நடற கல்வாரி மேடு வரைக்கும் அந்தச் சீமோன் பையன்தான் தூக்கிட்டு வந்தான், தோல் உரிஞ்சு போச்சு. சிலுவையில ஏத்தறப்ப மட்டும் இவன் சரியா வந்து நின்னான். தொங்கறதுல அவனுக்கு ஒரு கஷ்டமும் கிடையாது. மத்தவங்க தாங்கிப் பிடிச்சா எவ்வளவு நேரம் வேணா தொங்குவான்."

நீதிபதி அம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை.

"ஒரு வருஷம் நடந்தது..." என்று ஆரம்பித்தார் அரசு வக்கீல்.

"நாலு வருஷம் வந்தான். நாலு வருஷமும் பேக்கரிதான்."

அரசு வக்கீலுக்கு முகம் சிறுத்துவிட்டது. ஆனால் தொழில் தெரிந்தவர். கடைசியாக ஒரு கல்லை எறிந்து பார்ப்போம் என்று, "அந்தச் சீமோன் யாரு? இப்ப எங்க இருக்கார்?" என்று கேட்டார்.

போலெங் சத்தியம் செய்திருந்தாள். "டோமெங். எங்க கடைக்கு ஐஸ் போடறான்."

ரோவெனாவின் காது சிவந்தது. அதை அரசு வக்கீல் பார்த்துவிட்டார். எழுந்து நின்றார்.

"ஓ. தினமும் வர்றாரா? உங்க மருமகளைக் கட்டிக்க நினைக்கறாரா?"

"நினைக்கறான்."

"அதுக்கு உங்க சம்மதமும் இருக்கு. ஆக, நீங்க மூணு பேரும் உக்காந்து பேசி, இந்தக் கதையைக் கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. சொல்லுங்க, இந்தத் தீர்ப்பு வந்தா உங்களுக்கு என்ன ஆதாயம்?"

வக்கீலம்மா எதிர்ப்புத் தெரிவித்தாள். நீதிபதி, "பதில் சொல்லட்டும்" என்றார்.

"ஆதாயமா?" என்றாள் போலெங். அவளுக்குத் திடீரென்று கோபம் வந்தது. "நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க. எனக்குப் புருஷன் இல்ல. மகன் இருந்தும் இல்ல. எட்டு வருஷமா இந்தப் பொண்ணு வீட்லதான் இருக்கேன். கல்யாணமே நடக்கலன்னு இந்த அம்மா எழுதிட்டா, நான் அவளுக்கு யாரு? இன்னைக்குச் சாயங்காலம் நான் எந்த உறவைச் சொல்லிக்கிட்டு அந்த வீட்டுப் படியேறுவேன்? பாதரைக் கேட்டேன், அவருக்கும் தெரியல. வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எனக்கு எடம் இருக்கும். பொய் சொல்றதா இருந்தா நான் அந்தப் பக்கத்துக்குல்ல சொல்லியிருக்கணும்?"

அரசு வக்கீல் காகிதங்களை அடுக்கினார். பிறகு, "வேற கேள்வி இல்ல, யுவர் ஆனர்" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஜீப்னி வண்டியில் இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். ரோவெனா முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். பாலம் தாண்டியதும், "பத்தொன்பது வயசு வரைக்கும் எறால் உரிச்சீங்களா?" என்றாள். "எனக்கு ஒருநாளும் உரிச்சதில்ல." அவ்வளவுதான் பேசினாள். போலெங் தன் பயத்தை மடியில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

தீர்ப்பு வர ஏழு மாதம் ஆனது. ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று பத்தொன்பது பக்கம். பிறகு ஆயர் இல்லத்தில் சர்ச்சின் விசாரணை. அங்கேயும் திருமண பந்தத்தைக் காப்பதற்கென்றே ஒரு சாமியார் இருந்தார். பேக்கரி விஷயத்தை அவர் போலெங்கை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். இரண்டாவது தடவை பக்கத்து அறைச் சாமியார்களும் வந்து கேட்டார்கள். பதினோரு மாதம் கழித்து அங்கிருந்தும் காகிதம் வந்தது.

காகிதம் வந்த நாளிலிருந்து போலெங் விருந்தாளி ஆகிவிட்டாள். பிரிட்ஜைத் திறக்க அனுமதி கேட்டாள். சோற்றுப்பானையில் கை வைக்குமுன் தொண்டையைக் கனைத்தாள். குளியலறைக் கதவைத் தட்டினாள், உள்ளே யாரும் இல்லாதபோதும். ரோவெனா மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள், "உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று கத்தினாள். "ஒண்ணும் இல்லங்க, நீங்க பாருங்க" என்று போலெங் மரியாதையாகச் சொன்னாள். அதற்கு ரோவெனா கதவை அறைந்து சாத்தினாள். அப்புறம் திறந்து, "ஞாயித்துக்கிழமை எங்கயும் போயிடாதீங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை டோமெங் வீட்டார் பெண் கேட்டு வருகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுப் படியேறி, பெற்றவர்களிடம் கேட்க வேண்டும். போலெங்கும் ஏறியிருக்கிறாள், இதே படியில், ரோவெனாவின் அத்தையிடம், ஆர்செனியோவுக்காக. அந்த நாளை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. நல்ல காரியத்தில் பழைய மாமியார் குறுக்கே நிற்கக் கூடாது என்று காலையிலேயே மூட்டையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள்.

டோமெங்கின் அம்மா குண்டு மனுஷி, பெயர் சலூத். மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தாள். பின்னால் டோமெங், இரண்டு கையிலும் பாத்திரம், கக்கத்தில் இன்னொன்று. ரோவெனா நடு நாற்காலியை இழுத்துப் போட்டாள். எல்லோரும் சலூத்துக்கு என்று நினைத்தார்கள். ரோவெனா போலெங்கின் தோளைப் பிடித்து அதில் அழுத்தி உட்காரவைத்தாள்.

"கேக்க வேண்டியதை எங்க இனாங்கிட்ட கேளுங்க" என்றாள். "எனக்கு இவங்களை விட்டா யாரும் இல்ல."

போலெங்குக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுதால் பெண் வீட்டுக் கௌரவம் என்ன ஆவது என்று அடக்கிக்கொண்டாள்.

சலூத் ஆரம்பித்தாள். "எம்பையன் சொக்கத்தங்கம். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், பொறுப்புன்னா பொறுப்பு..."

பதினேழு வருஷத்துக்கு முன்னால் இதே கூடத்தில் போலெங் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில். அவள் கையை உயர்த்தினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும், சலூத். அவனுக்கு என்ன குறைன்னு சொல்லு. இப்பவே சொல்லிடு. பின்னாடி ஒருநாள் கோர்ட்டுல போய்ச் சொல்றது ரொம்பக் கஷ்டம், எனக்குத் தெரியும்."

சலூத் மகனைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "மாட்டேன்னு சொல்லத் தெரியாது" என்றாள் கடைசியில். "யாரு எதைக் குடுத்தாலும் தூக்கிடுவான்."

"அது தெரியும். எம்பையன் குடுத்ததைத்தானே மொதல்ல தூக்கினான்." போலெங் டோமெங்கைப் பார்த்தாள். "அந்தப் பாத்திரத்தை எறக்கி வைப்பா. பொண்ணைத் தரேன்."

இலை போட்டார்கள். சலூத் கொண்டுவந்தது மொறுமொறுவென்று வாட்டிய பன்றிக்கறி. ரோவெனா அலமாரியில் தேடிவிட்டு, தொட்டுக்கொள்ள வினிகர் தீர்ந்துவிட்டது என்றாள்.

டோமெங் உடனே எழுந்தான். "நான் போய் வாங்கிட்டு வரேன்."

ரோவெனாவின் முகம் வெளுத்தது.

"உக்காரு" என்றாள் போலெங். "இந்த வீட்ல மாப்பிள்ளைங்க வினிகர் வாங்கப் போறதில்ல."

செருப்பை மாட்டிக்கொண்டு அவளே படியிறங்கினாள். பெட்டிக்கடையில் ஒரு பாட்டில் வாங்கினாள். பத்து நிமிஷத்தில் வீடு திரும்பி, தொண்டையைக் கனைக்காமல் உள்ளே போனாள்.